வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தல்

நான் பிறந்த கோடையில்
ஹரிமா கடல் செங்கல் நிறத்தில் கிடந்ததாம்.
கூண்டில் வளர்த்த மீன்கள்
லட்சக்கணக்கில் வயிறு மேலாக மிதந்தனவாம்.
ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அந்த வாரம்
எனக்குப் பெயர் வைத்தார்கள்:
சுமியே.
தெளிந்த நீர்வாய் என்று பொருள்.
வேறு எந்த வேலைக்குத்தான் போயிருக்க முடியும் நான்?

இருபத்தொன்பது ஆண்டுகளாகக் கழிவுநீர் நிலையத்தில்.
நாலு லட்சம் பேரின் குளியலும் அடுக்களையும் கழிப்பறையும்
குழாய் வழியே என்னிடம் வந்து சேரும்.
தொட்டிக்குள் காற்றை ஊதி ஊதி
நைட்ரஜனைத் துரத்தினேன்,
ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால்
இன்னும் ஓர் இலக்கம் வரை.
மாலையில் கடைசிக் குடுவையைச்
சன்னலுக்கு நேரே பிடிப்பேன்.
அதனூடே தூரத்துப் பாலம் தெரியும்,
கம்பி கம்பியாக எண்ணலாம்.
சம்பளம் தனி.
இது தனி.

கடலும் என் பேச்சைக் கேட்டது.
நாலு ஆள் ஆழத்தில் யாரோ எறிந்த சைக்கிளின்
மணி வரைக்கும் தெரிந்தது.

மார்ச் பிறந்தால் தெரு மணக்கும் முன்பெல்லாம்:
விரல் நீள இகானாகோ மீன்
சோயாவிலும் சர்க்கரையிலும் இஞ்சியிலும்
சுண்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு வீடு.
ஒரு மாதம் பிடித்தார்கள்.
பிறகு இரண்டு வாரம்.
பிறகு மூன்று நாள்.
போன ஆண்டு வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
காலைச் சாப்பாட்டுக்கே வீடு திரும்பினார்கள்.

என் தங்கை கணவர் இவாவோ
நோரி வளர்க்கிறவர். சோற்றைச் சுற்றும் அந்தக் கறுத்த பாசித்தாள்.
ஒரு ஜனவரியில் ஒரு கட்டை என் மேசைமேல் வைத்தார்.
வைக்கோல் நிறம்.
'ஏலத்தில் ஒருத்தனும் தொடவில்லை, அக்கா.'
கொஞ்ச நேரம் குடுவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
'உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர்தான்.
அதில் ஒன்றுமே இல்லை.'

மாகாண அலுவலகத்திலிருந்து தாள் வந்தது.
மேல் வரம்பு மட்டுமே இருந்த கட்டத்துக்கு அருகே
புதிதாக ஒரு கட்டம்:
குறைந்தபட்சம்.
என் தொழிலில் நான் பார்த்தே இராத சொல்.

அக்டோபர் முதல் தேதி
ஊதுபொறியைத் தாழ்த்தினேன்.
இத்தனை ஆண்டுகள் காதுக்குள் குடியிருந்த இரைச்சல்
ஒரு சுருதி இறங்கியது.
'தெரிந்தே தப்பாகக் கணக்குப் போடுகிற மாதிரி இருக்கிறது'
என்றான் உடன் வேலை செய்யும் தகுமா.
நான் பதில் சொல்லவில்லை,
குறிப்பேட்டில் நேரத்தை எழுதினேன்.

நவம்பரில் மலையடிவாரத்து ஏரிகளைத் திறந்தார்கள்.
மதகு உழவர்களுடையது.
இடுப்பளவு சேற்றில் மரப்பலகையால் வண்டலைத் தள்ளியவர்கள்
கடலிலிருந்து வந்தவர்கள்.
கரிய நீர் ஆற்றில் இறங்கிப் போனது.
இதே நிறத்துக்காக
ஒரு சாயப்பட்டறைக்கு அபராதம் போட்ட குழுவில்
நானும் இருந்திருக்கிறேன்.
இப்போது கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன், கொஞ்சம் தாமதமாக.

ஆனால் கடல் குளிரவில்லை.
குளிர்ந்தால்தான் விதைவலை இறக்கலாம்.
காத்திருந்து, இரண்டு வாரம் பிந்தி இறக்கினார்கள்.
குளிருக்கு ஆழம் பார்த்து ஒதுங்கிவிடும் குரோதாய் மீன்கள்
இந்த முறை ஒதுங்காமல் நின்று
துளிர் துளிராக மேய்ந்தன.
அதற்கு என்னிடம் திருகு இல்லை.
எந்தப் பொறியின் எந்தக் குமிழிலும் இல்லை.

பிப்ரவரியில் இவாவோ வந்தார்.
கட்டு இல்லை, உறைக்குள் ஒரே ஒரு தாள்.
சன்னலுக்கு நேரே பிடித்தேன்,
பாலம் தெரியக் கூடாதே என்று.
ஓரமெல்லாம் நல்ல கறுப்பு.
நடுவில் மட்டும்
பாலத்து விளக்கு ஒன்று
பச்சையாகக் கசிந்தது.

'எப்படி?'
'பாதி' என்றேன்.

தாளை வாங்கி
விளக்கு கசிந்த இடத்தில் குறுக்கே கிழித்து
ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.
அதில் எது எங்கிருந்து வந்தது என்று
அவரைவிட எனக்குத் தெரியும்.
தின்றேன்.
மொறுமொறுப்பாகத்தான் இருந்தது.